ஓர் அந்தாதி நூலைப் பக்கம் கட்டியபோது: புதுச்சேரி தொழிற்பயிற்சி வகுப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் தொழிற்பயிற்சி மையத்தில் நடந்தது இது. கிராஃபிக் டிசைனையும் எழுத்துருவியலையும் சேர்த்து அங்கே ஓராண்டு வகுப்பு நடக்கிறது. பக்க வடிவமைப்புப் பாடத்தை நான் எடுக்கிறேன். மையம், அச்சகம், நூலாசிரியர், மாணவர்கள் என யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை.

வகுப்பில் பாதிப் பேர் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். சேரும்போது எல்லோர் மனதிலும் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் இருக்கும். முடித்ததும் கிடைப்பது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன். இந்த வேலைகள் எல்லாம் தமிழில் நடப்பவை. பாடத்திட்டமோ வண்ணம், லோகோ, போஸ்டர் என்று தொடங்கி, எழுத்துருவியலை ஆங்கில மாதிரிகளை வைத்தே சொல்லிக்கொடுத்து, கடைசியில் தமிழுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தது.

இந்த ஆய்வில் முக்கியமாக வரும் மாணவி கடலூர் முதுநகர்க்காரர். பிளஸ் டூ முடித்து, தமிழ்த் தட்டச்சில் லோயர் தேறி, ஒரு ஜெராக்ஸ் கடையில் மனுவும் பத்திரமும் அடித்துக்கொண்டிருந்தவர். கடை முதலாளி "டிசைன் கத்துக்கிட்டா சம்பளம் கூட்டறேன்" என்று சொன்னதால் சேர்ந்தார்.

முதல் பருவத்தில் கவனித்தது

முதல் பருவ மதிப்பெண்ணில் அவர் கடைசி வரிசை. போஸ்டர் வரவில்லை. வண்ணத் தேர்வு தடுமாறியது. வெற்றிடத்தைக் கண்டால் எதையாவது கொண்டுபோய் வைத்தார். பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் தமிழும் பிரெஞ்சுமாக இருக்கும் நீலத் தெருப்பலகைகளைப் பார்த்துவிட்டு வந்து ஒரு போஸ்டர் செய்யச் சொல்வது இந்த வகுப்பில் வழக்கம். மற்றவர்கள் அழகாகச் செய்தார்கள். இவருடையது சுமார். (அந்தப் பயிற்சி முடிந்ததும் பாதி வகுப்பு பாரதியார் போஸ்டருக்குத் தாவிவிடும். 1908 முதல் பத்தாண்டு இந்த ஊரில் இருந்தவர் என்பதால் உரிமை உண்டுதான். ஆனாலும் முண்டாசும் மீசையும் இல்லாத போர்ட்ஃபோலியோ ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.)

ஒரு நாள், தலைப்புகளில் எழுத்து இடைவெளியைக் கூட்டிக் காட்டும் பாடம் நடந்தது. ஆங்கிலத் தலைப்புக்குச் செய்ததைத் தமிழ்த் தலைப்புக்கும் செய்து திரையில் காட்டியிருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். இவர் மட்டும், "சார், கொம்பு தனியா நிக்குது, படிக்க முடியல" என்றார். சொன்னது சரி. பழைய வகை எழுத்துருவில் கொம்பும் கால்வாங்கியும் தனித்தனி எழுத்தாகத்தான் இருக்கும். இடைவெளியைக் கூட்டினால் அவை தங்கள் எழுத்தை விட்டு நகர்ந்துவிடும். மனு அடித்துப் பழகியவரின் கண் எழுத்தை வடிவமாகப் பார்க்கவில்லை, வாசித்தது. மதிப்பெண் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

வந்த வேலை

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓர் அச்சக உரிமையாளர் மையத்தைத் தேடி வந்தார். திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பாடலீசுவரர் கோயில் அம்மன் பெரியநாயகி மேல் நூறு பாட்டில் ஓர் அந்தாதி பாடி, உரையும் எழுதி வைத்திருந்தார். பல வருடங்களுக்கு முன் அச்சகத்திலேயே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்து வைத்தது. ஏதேதோ காரணத்தால் அச்சேறவில்லை. இப்போது ஐயாவின் பிள்ளைகள் பணம் போட முன்வந்தார்கள். டெமி அளவில் 300 பிரதி. ஏழு பாரத்துக்கு (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுப்பு) மேல் போகக்கூடாது. பாரத்துக்கு 16 பக்கம் என்பதால் மொத்தம் 112 பக்கம்.

கையெழுத்து நோட்டு இருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது ஐயா வீட்டு ஓடுகள் போய், அலமாரி நனைந்து, நோட்டில் பாதி ஊறிப்போனது. மிச்சம் இருந்த தாள்களைப் பார்த்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதக் கற்றவர் அல்லவா, லைகாரமும் னைகாரமும் துதிக்கை போன்ற பழைய வடிவத்தோடுதான் இருந்தன. ஆக, முழுப் பிரதி என்று இருந்தது அந்தப் பேஜ்மேக்கர் கோப்பு மட்டுமே.

மையம் இதைப் பயிற்சி வேலையாக எடுத்துக்கொண்டது. முதலில் வகுப்பின் சிறந்த போஸ்டர்காரரிடம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அவர் மிக நல்ல அட்டை ஒன்றை வரைந்துவிட்டு, உள்பக்கம் தனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்; அட்டை அப்படியே கடைசி வரை இருந்தது. உள்பக்கத்துக்கு நான் தட்டச்சுத் தெரிந்த மாணவியைப் பரிந்துரைத்தேன்.

கோப்பைத் திறந்தபோது

புதிய கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாக ஒரே கலவை. பாமினி எழுத்துருவில் அடித்தது அது. அந்த முறையில் 'க்' என்பது ஆங்கில எஃப் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். 2010இல் எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும், அச்சகங்களின் பழைய கோப்புகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் கிடக்கின்றன.

அச்சக உரிமையாளரின் யோசனை எளிமையானது: "பழைய பாண்ட்டைப் போட்டு அப்படியே ஓட்டிடலாமே". அதை ஏற்காததற்குக் காரணம் ஒன்றுதான். ஐயா வீட்டார் நூலைப் பின்னால் மின்பதிப்பாகவும் வைக்க விரும்பினார்கள். பழைய முறையில் இருந்தால் தேடவும் முடியாது, போனில் படிக்கவும் முடியாது. மறுபடி முழுவதையும் அடிக்கலாம். ஆனால் புதுப் பிழைகள் சேரும், ஒப்பிட நோட்டும் இல்லை. எனவே எழுத்துருமாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றுவது என்று முடிவானது.

மாற்றியதை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் அடுத்த குழப்பம்: கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து வகுப்பே எழுத்துரு மாற்றி மாற்றிப் பார்த்தது. ஆங்கில வேலைக்காகச் செய்த பழைய டெம்ப்ளேட்டில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போஸர் தேர்ந்தெடுக்கப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தேர்வை மாற்றியதும் கொம்புகள் தத்தம் இடத்துக்கு வந்தன. இப்படி ஒரு விஷயம் இரண்டாம் பருவத்தில்தான் மாணவர்களுக்குத் தெரியவருகிறது என்பதைக் குறித்துக்கொண்டேன்.

உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ரகரமும் கால்வாங்கியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அடித்தவர் எது கைக்கு வந்ததோ அதை அடித்திருக்கிறார். பெரியநாயகி பல இடங்களில் 'பெரியநரயகி' ஆகியிருந்தாள். 'வராத' என்பது 'வரரத'. அதேபோல ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம்: 'கௌரி' என்ற பெயர் 'கெளரி' என்று கிடந்தது. தாளில் இதையெல்லாம் வாசிக்கும் கண் தானாகவே திருத்திக்கொள்ளும். ஐயாவே முதல் திருத்தப் பிரதியை வாசித்துவிட்டு, "பிழை குறைச்சலாத்தான்மா இருக்கு" என்றார்.

கட்டளைக் கலித்துறை கொடுத்த வழி

ரகரத்தின் அடியில் சாய்ந்த வால் தெளிவாகத் தெரியும் ஓர் எழுத்துருவில் இரண்டாம் திருத்தப் பிரதியை எடுத்தோம். கொஞ்சம் பிடிபட்டது, முழுவதும் இல்லை. ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிய கண்.

அந்தச் சமயத்தில்தான் ஐயா வேறு ஏதோ பேச்சில் சொன்னார்: அந்தாதி முழுவதும் கட்டளைக் கலித்துறை என்ற யாப்பு. அதில் அடிக்கு எழுத்துக் கணக்கு உண்டு. மெய்யெழுத்தைத் தள்ளிவிட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. இதே தலத்தில் அப்பர் பாடிய திருவிருத்தப் பதிகமும் இந்த யாப்புதான் என்று அதன் முதல் அடியை விரல் விட்டு எண்ணியும் காட்டினார். சரியாகப் பதினாறு வந்தது.

மாணவி கேட்டார்: "அப்படின்னா ஐயா, கால் போட வேண்டிய இடத்துல ர இருந்தா ஒரு எழுத்துக் கூடும்ல?"

கூடும். 'நாயகி' மூன்று எழுத்து, 'நரயகி' நான்கு. 'கௌரி' இரண்டு, 'கெளரி' மூன்று. எழுத்து விட்டுப்போயிருந்தால் குறையும். கண் ஏமாறும் பிழைகளில் பெரும்பாலானவை எண்ணிக்கையில் வெளியே வந்துவிடும். எதுகை இருப்பதால் ஒரு பாட்டின் நாலு அடியும் ஒரே அசையில்தான் தொடங்கும். எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு எண்ணும் ஒன்றாகவே வர வேண்டும். 16, 16, 17, 16 என்று வந்தால் மூன்றாம் அடியைப் பார்க்க வேண்டியதுதான்.

பக்கத்து அறையில் வெப் டிசைன் படிக்கும் மாணவர் ஒருவர், புள்ளி வைத்த எழுத்தை நீக்கி, உயிர்மெய்க் குறிகளை விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணும் சின்ன நிரல் ஒன்றை எழுதித் தந்தார். 400 அடிகளையும் அதில் ஓட்டினோம். கணக்கு ஒத்துவராத அடிகள் முப்பதுக்கும் மேல். பெரும்பாலானவை ரகரக் குழப்பம், சில ஔகாரம், இரண்டு மூன்று இடங்களில் எழுத்தே விட்டுப்போயிருந்தது. ஐகாரத்துக்கும் ஜகரத்துக்கும் மாறி அடித்திருந்தவை இந்தச் சோதனையில் சிக்காது, இரண்டும் ஒரே எழுத்துதானே. அவற்றைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

நாலு அடிகளில் அச்சுப்பிழையே இல்லை, கணக்கு மட்டும் உதைத்தது. மாணவி தயங்கித் தயங்கி ஐயாவிடம் காட்டினார். அவர் விரலால் எண்ணிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், "ஏம்மா, இத்தனை வருஷமா இதை ஒருத்தரும் சொல்லலியே" என்று சிரித்தார். மூன்றை அங்கேயே திருத்திக் கொடுத்தார். ஒன்றை, பொருள் கெட்டுவிடும் என்று அப்படியே விடச் சொன்னார்.

அந்தாதி என்பதால் இன்னொரு சோதனையும் இலவசமாகக் கிடைத்தது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வர வேண்டும். ஓரிடத்தில் தொடுப்பு அறுந்திருந்தது. பழைய கோப்பில் இரண்டு பாட்டுகள் இடம் மாறியிருந்தன.

இந்தச் சோதனை செல்லுபடியாகும் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சீர் பிரித்த மூல வடிவத்தில்தான் கணக்கு வரும். வாசிக்க வசதியாகப் பதம் பிரித்துப் போட்டால், புணர்ச்சியில் மறைந்த உகரமெல்லாம் வெளியே வந்து எண்ணிக்கை மாறிவிடும். எண்ணி முடித்த பிறகே பதம் பிரிக்க வேண்டும். ஓர் அடியில் ஒன்று கூடி ஒன்று குறைந்திருந்தால் அதுவும் தப்பிவிடும். உரைநடைக்கு இது உதவவே உதவாது. உரைப் பகுதிக்கு, இரண்டு ரகரம் அடுத்தடுத்து வரும் இடம், கொம்பு வைத்த எழுத்தை அடுத்து ளகரம் வரும் இடம் என்று ஒவ்வொரு வடிவமாகத் தேடித் திருத்தினார். அலுப்பான வேலை. 'வெள்ளம்', 'வெளி' மாதிரி நியாயமான சொற்களும் வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

பக்க அமைப்பில் எடுத்த முடிவுகள்

நூறு பாட்டுக்கு நூறு பக்கம், முன்பக்கங்களுக்குப் பன்னிரண்டு. ஏழு பாரம் கச்சிதமாக முடிந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டும் அதன் உரையும் என்று வைத்துக்கொண்டோம். சில பாட்டுகளுக்கு உரை பக்கத்தைத் தாண்டியது. அந்தப் பக்கங்களில் மட்டும் எழுத்தளவைக் குறைப்பதுதான் அச்சகங்களில் வழக்கமாகச் செய்வது. மாணவியும் முதலில் அப்படித்தான் செய்தார். இரண்டு பக்கத்தையும் விரித்து வைத்தால் ஒன்று கருப்பாகவும் ஒன்று வெளிறியும் தெரிந்தது. எழுத்தளவை மாற்றுவதில்லை, பாட்டைப் பக்கம் தாண்டி உடைப்பதில்லை என்று இரண்டு விதியை வைத்து, உரையைச் சுருக்கித்தரும்படி ஐயாவைக் கேட்பது என்று தீர்மானித்தோம். அவர் முணுமுணுத்தார், ஆனால் சுருக்கினார். மசியாத நாலு பக்கங்களில் மட்டும் அடியில் ஒரு வரி கூடுதலாகப் போக விட்டோம்.

வரி இடைவெளி பற்றி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தது எழுத்தளவில் 120 சதவீதம், அதாவது 10 புள்ளி (எழுத்தளவின் அலகான பாயிண்ட்) எழுத்துக்கு 12 புள்ளி. ஆங்கில மாதிரிக்கு அது சரி. இங்கே மேல்வரியின் ழு, து, ஞ ஆகியவற்றின் வால் கீழ்வரியின் புள்ளியையும் மேல்விலங்கையும் போய் முட்டியது. உரைக்கு 10 புள்ளியில் 15, பாட்டுக்கு 11 புள்ளியில் 17 என்று நிறுத்தினோம்.

உரையை இரு பக்கமும் சமன்செய்தபோது, நீளமான தமிழ்ச் சொற்கள் காரணமாக வரிகளில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. பழைய ஈய எழுத்துப் புத்தகங்களில் சொல்லை எங்கே வேண்டுமானாலும், கோடு கூடப் போடாமல், உடைத்திருப்பார்கள். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. அந்த வழியை ஐயா விரும்பினார். பிள்ளைகள் விரும்பவில்லை. கடைசியில் உரையை இடப்பக்கம் மட்டும் சீராக விட்டு, வலப்பக்கத்தைச் சமன்செய்யாமல் விட்டோம். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் வாசிக்கத் தடையில்லை.

அச்சகத்தில்

லேசர் பிரிண்டில் பாட்டு வரிகள் அழகாக இருந்தன. பாட்டு எடுப்பாகத் தெரியட்டும் என்று மாணவி எழுத்தைச் சுற்றிக் கோடு ஏற்றித் தடிமனாக்கியிருந்தார். அந்த எழுத்துருவில் தடித்த வகை இல்லை. 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் ஒரு பாரம் மட்டும் ஓட்டிப் பார்த்தபோது மை பரவி ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டன. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று சொல்ல முடியவில்லை; 'மணம்' எது 'மனம்' எது என்று ஊகிக்க வேண்டியிருந்தது. தடிமனை எடுத்துவிட்டு, பாட்டுக்கும் உரைக்கும் நடுவே இடத்தைக் கூட்டினார். எடுப்பு தானாக வந்தது.

அடுத்து பிடிஎஃப் தகராறு. எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, தரச் சொன்னார் ஆபரேட்டர். "ஏம்மா, பாண்ட்டு இல்லாம கட்டம் கட்டமா வந்துச்சுன்னா பிளேட்டு காசு யாரு குடுக்கறது?" என்று கேட்டார். அவர் பயம் நியாயமானது, முன்னால் பட்டிருக்கிறார். ஆனால் கர்வ் ஆக்கினால் கடைசி நேரத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. "ஒரு பாரம் மட்டும் இப்படிப் பார்ப்போம்ணே, சரி வரலேன்னா கர்வ் பண்ணித் தரேன்" என்று மாணவி கேட்டுக்கொண்டார். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்பிலேயே பிளேட் சரியாக வந்தது. மூன்றாம் பாரத்தில் ஒரு சொல்லை அச்சுக்கு முன் மாற்றவும் முடிந்தது.

பிறகு நடந்தது

நவராத்திரிக்குள் புத்தகம் வந்துவிட்டது. உரைப் பகுதியில் ஒரே ஓர் இடத்தில் 'நரயகி' தப்பிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் ஐயாவின் பேத்தி, போனில் தேடிப் பார்த்து. பாட்டுகளில் இதுவரை யாரும் பிழை சொல்லவில்லை.

மாணவி இப்போது அதே அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலையில் இருக்கிறார். ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பவில்லை. போஸ்டர் இன்னமும் சுமார்தான். ஃப்ளெக்ஸ் ஆர்டர் வந்தால் அட்டை வரைந்த அந்த நண்பருக்குப் போன் போடுகிறார். வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இவரை யாரும் இந்த வேலைக்கு எடுத்திருக்கமாட்டார்கள். எழுத்துருவியலில் யார் தேறுவார் என்பதை நாலு சொல் உள்ள போஸ்டர் காட்டாது என்பதே என் முடிவு. நூறு பக்கம் ஒரே மாதிரி ஓடும் உரையைக் கையில் கொடுத்தால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

நீண்ட தமிழ் உரையைப் பக்கம் கட்டும் வேலை இரண்டாம் மாதத்துக்கு வந்துவிட்டது. கம்போஸர் தேர்வும் பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவதும் அதற்கு முந்தைய வாரமே. 120 சதவீதக் கணக்கைச் சொல்லும்போதே அது எந்த எழுத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். பிழை திருத்துவதற்கு மதிப்பெண் உண்டு; போஸ்டருக்கான மதிப்பெண் அந்த அளவுக்குக் குறைந்தது, இதில் சக ஆசிரியர்களுக்கு இன்னும் வருத்தம்.

எழுத்தெண்ணும் நிரல் மையத்துக் கணினியில் இருக்கிறது. வெண்பாவுக்கும் ஆசிரிய விருத்தத்துக்கும் அது பயன்படாது. அவற்றுக்குச் சீரையும் தளையையும் பார்க்க வேண்டும், அதை யாரும் எழுதித் தரவில்லை.

மேப்லித்தோவில் ஒரு பாரம் ஓட்டிப் பார்க்காமல் இனி எந்தப் பயிற்சி நூலையும் முடித்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று பேசியிருக்கிறோம். அந்தப் பாரத்துக்கான தாளும் பிளேட்டும் யார் செலவு என்பதில் மையத்துக்கும் அச்சகத்துக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.